ஏழாம் பத்தியில் ஒரு ‘நம்’

என் கணவர் இறந்து எட்டு மாதம் கழித்து, அவருடைய நாட்டின் கடலை நான் எங்கள் நாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஏழாம் பத்தியில் ‘எங்கள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நம்’ என்று எழுதினேன், அவ்வளவுதான்.

வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில், லிப்ட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கிறது தீவுகள் பிரிவு. சுவரில் ஒரு பெரிய உலகப் படம். அதை மாட்டியவர் ஆணியைச் சரியாக அந்த நாட்டின் மேலேயே அடித்துவிட்டார். யாருக்காவது அந்தத் தீவுகளைக் காட்ட வேண்டுமென்றால் படத்தைக் கழற்றி, ஓட்டையைக் காட்டி, இதுதான் என்று சொல்ல வேண்டும். ஒன்பது தீவுகள், பதினோராயிரம் பேர். எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு அதைவிடக் கூட்டம் இருக்கும். ஆனால் உலக சபையில் வாக்கெடுப்பு என்று வந்தால் அவர்களுக்கும் ஒரு கை, எங்களுக்கும் ஒரு கை. அந்தக் கையை எங்கள் பக்கம் தூக்க வைப்பதுதான் பிரிவின் வேலை. கோப்பில் அதற்குப் பெயர் ‘கூட்டுறவை வலுப்படுத்துதல்’.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தவள். என் கணவர் வானிலைப் படிப்புக்காக இதே கூட்டுறவின் உதவித்தொகையில் அந்தத் தீவுகளிலிருந்து வந்தவர். படித்து முடித்து, என்னைக் கட்டிக்கொண்டு, வானிலைத் துறையிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். ஒருநாள் தீவு மொழியில் ஒரு கடிதம் வந்தது, படிக்க ஆளில்லை. நான் படித்தேன். அன்றிலிருந்து, தாலி கட்டி பதவி உயர்வு வாங்கியவள் என்று அலுவலகத்தில் கேலி. கேலியில் உண்மை இருந்ததால் நான் மறுத்துப் பேசியதில்லை. அந்த மொழியை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. பத்தொன்பது வருடம் ஒரே ஒரு மனிதரிடம், பெரும்பாலும் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கற்றது.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலக நாற்காலியிலேயே. இன்று மழை இல்லை என்று காலையில் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். மழை பெய்யவும் இல்லை. எனக்கு அழுகை வரும் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. என் அக்கா ஒரு வாரம் கூடவே தங்கி, கல்லுளிமங்கி என்று திட்டிவிட்டு ஊருக்குப் போனாள். பதினோராம் நாள் வேலைக்கு வந்தேன். பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது அல்லவா, எனக்கு முழு உடம்பும் அப்படி இருந்தது. பேருந்து பிடித்தேன், கையெழுத்துப் போட்டேன், பிறந்தநாள் கேக் வெட்டினால் கை தட்டினேன். தீவு மொழியில் பேச வீட்டில் ஆளில்லை என்பதை மட்டும் எப்போதாவது கவனித்தேன்.

அந்த நிலையில்தான் கூட்டறிக்கை வந்தது. தீவுகளின் அமைச்சர் வருகிறார், எங்கள் அமைச்சரோடு சேர்ந்து கையெழுத்திடுகிறார். அவர்களுக்கு நாங்கள் கடலரிப்பைத் தடுக்கும் சுவர் கட்டித் தருகிறோம், ஒரு ரோந்துப் படகு தருகிறோம். அவர்கள் எங்களுக்கு நட்பு தருகிறார்கள். அறிக்கை ஆங்கிலத்திலும் தீவு மொழியிலும் இருக்கும், இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்று கடைசிப் பத்தி சொன்னது. ஆங்கிலத்தில் எழுதியது எங்கள் இணைச் செயலாளர். தீவு மொழிக்கு மாற்றியது நான். நான்கு நாள் ஆனது.

ஏழாம் பத்தி, தீவுகளின் அரசு எங்கள் அரசைப் பார்த்துச் சொல்வதாக அமைந்தது. உங்கள் நட்போடு எங்கள் கடலைக் காப்போம் என்பது பொருள். ஆங்கிலத்தில் ‘நம்’ என்றாலும் ‘எங்கள்’ என்றாலும் ஒரே சொல்தான். யாருடைய கடல், கேட்கிறவனுக்கும் அதில் பங்கு உண்டா என்று அந்த மொழி கவலைப்படுவதில்லை. தீவு மொழி நம் மொழி மாதிரியே கறாரானது. இரண்டுக்கும் இரண்டு சொல். கேட்கிறவரைச் சேர்த்துக்கொண்டால் ஒன்று, வெளியே நிறுத்தினால் இன்னொன்று. குழந்தைக்குக்கூட இது தவறாது.

எனக்குத் தவறியது. ஏன் என்றால், அந்தக் கடலைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஒரே ஆள். கல்யாணமான முதல் மாதமே அவர் தன் மொழியில் ‘நம்ம கடல்ல சாயங்காலம் தண்ணி பச்சையா இருக்கும்’ என்றார். நான் அந்தக் கடலைப் பார்த்ததுகூட இல்லை, கடைசிவரை பார்க்கவும் இல்லை. விடுமுறை கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் விடுமுறை கிடைக்காது. ஆனாலும் பத்தொன்பது வருடமும் அது நம்ம கடல்தான். அவருடைய அம்மா நம்ம அம்மா, அவர்கள் வீட்டு ஒழுகும் கூரை நம்ம கூரை. அந்தக் கடலுக்கு முன்னால் வேறொரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை. கை தானாக எழுதிவிட்டது.

பிரிவு உதவியாளர் ஒருவர் உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிரதி பார்ப்பவர். காற்புள்ளி என்றே அவருக்குப் பெயர். ஏழாம் பத்தியில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைக் கண்டுபிடித்துப் போட்டவர், அதற்கு அடுத்த சொல்லைத் தாண்டிப் போனார். அவருக்குத் தீவு மொழி தெரியாது. இந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தெரியாது.

கையெழுத்துக்கு முந்தின நாள் பிற்பகல், இரண்டு பிரதியையும் ஒப்பிட்டுப் படிக்கும் கூட்டம். தீவுகளின் தூதுக்குழு மொத்தம் நான்கு பேர். அதில் சட்டச் செயலாளராக வந்தவன் என் கொழுந்தன்.

அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அண்ணன் இறந்த அன்று தொலைபேசியில் பேசினோம். அவன் அழுதான், நான் விமானச் சரக்கு விதிகளைப் படித்துக் காட்டினேன். உடலை இங்கேயே அடக்கம் செய்தாயிற்று. வயதில் எனக்கு ஆறு வருடம் சின்னவன், பதவியில் ஆறு படி பெரியவன். அதனால் மனதுக்குள் அவன், சபையில் அவர் என்று வைத்துக்கொண்டேன். மூக்கும் காது மடலும் அண்ணனுடையதே. அதைப் பார்த்து எனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று நான்கு பேரையும் கேட்டேன்.

கூட்ட அறையில் நீள மேசை, இரண்டு நாட்டுக் குட்டிக் கொடிகள், ஏசி குளிரில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் உறைகள். காற்புள்ளி ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பார், நான் தீவு மொழியில் அதே பத்தியைப் படிப்பேன், கொழுந்தன் தன் பிரதியில் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பான். ஆறு பத்திக்கு ஆறு புள்ளி. ஏழாவதைப் படித்து முடித்தேன். பென்சில் அசையவில்லை. பத்து நிமிடம் இடைவேளை கேட்டான்.

நடைபாதையில் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காகிதக் குவளையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமல், அவன் மொழியில் கேட்டான். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்.

“அண்ணி, ஏழாவதுல ‘நம்ம கடல்’னு இருக்கு. நீங்களா எழுதினீங்களா, எழுதச் சொன்னாங்களா?”

நான் அப்போதுதான் கேட்டேன், என் காதால். மூன்று முறை திருத்தம் பார்த்த சொல். “நான்தான் எழுதினேன் தம்பி” என்றேன். “வேற மாதிரி எழுதணும்னு தோணவே இல்ல.”

அவன் கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினான். எங்கள் நீதிமன்றம் எங்கள் மொழிப் பிரதியைத்தான் பார்க்கும். அதில் உங்கள் அரசைப் பார்த்து நம் கடல் என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு உங்கள் மீன்பிடிக் கப்பல் உள்ளே வந்து நிற்கும்போது அனுமதி எங்கே என்று கேட்க எங்களுக்கு வாயில்லை. எங்களிடம் மண் அதிகம் கிடையாது. இருப்பது கடல்தான்.

“இதை நான் மேசையில சொன்னா, நீங்க ஏமாத்தப் பாத்தீங்கன்னு எங்க அமைச்சர் எழுந்து போயிடுவார். கடல் சுவரும் போயிடும். அந்தச் சுவர் இல்லன்னா ரெண்டு தீவுல அடுத்த வருஷம் ஆள் இருக்க முடியாது. நான் சொன்னா சண்டை, அண்ணி. நீங்க சொன்னா திருத்தம்.”

குவளையைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

நான் இணைச் செயலாளரின் அறைக்குப் போனேன். அவரைக் கேட்காமல் ஒரு புள்ளியைக்கூட மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். என் கணவர் இறந்தபோது வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். தவறு நேர்ந்துவிட்டது, ஒரு சொல், என்று விளக்கினேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

“அப்ப நாளைக்கு நம்ம படகு உள்ள போனா அவங்க அனுமதி கேக்க முடியாதா?”

“முடியாது சார்.”

“இதுல நமக்கு என்னம்மா கஷ்டம்? அவங்களே வாயால நம்ம கடல்னு சொல்றாங்க.”

“அவங்க சொல்லல சார். நான் சொன்னேன்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, ரொம்பக் கனிவாகப் பேசினார். இரண்டு வருடம் மூன்று கமிட்டி போட்டுக் கேட்டிருந்தால்கூட இந்தச் சொல் கிடைத்திருக்காது. வலியக் கிடைத்ததை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அவர்கள் ஆள் பார்த்துவிட்டாரென்றால் அவர் சொல்லட்டும், சொல்லாவிட்டால் அவருக்கே சம்மதம் என்று அர்த்தம். என்னுடைய பணி வருடா வருடம் நீட்டிக்கப்படும் பணி என்பதையும், இந்த வருடக் கோப்பு தம் மேசையில்தான் இருக்கிறது என்பதையும், வானிலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

“நீங்க நம்ம ஆளும்மா. நாமெல்லாம் ஒரே பக்கம்.”

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது எரிச்சல். துக்கமில்லை, வீரமில்லை, வெறும் எரிச்சல். காலையிலிருந்து ஆளாளுக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கையாளுகிறார்கள். அது என் வீட்டுச் சொல். கல்யாணமான முதல் மாதம் ஒரு மனிதர், கடல் இல்லாத ஊரில் பிறந்த ஒருத்திக்கு, பார்க்காத கடலில் பாதியைக் கொடுத்தார். எனக்குக் கொடுத்தார். எங்கள் மீன்வளத் துறைக்குக் கொடுக்கவில்லை. அதை எடுத்து அரசாங்கத்துக்கு எழுதி வைக்க நான் யார்?

வேலையை நினைத்துப் பயம் வந்ததா என்றால், இல்லை. இதில் எனக்குப் பெருமையும் இல்லை. மரத்துப்போனவளை மிரட்டுவது கஷ்டம், அவ்வளவுதான். வேறு எந்த வருடமாக இருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

“யோசிக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாரும் திரும்ப உட்கார்ந்தார்கள். இணைச் செயலாளரும் வந்து தலைமை நாற்காலியில் அமர்ந்தார். காற்புள்ளி எட்டாம் பத்தியைப் படிக்கத் தொண்டையைச் செருமினார். நான் கை காட்டி நிறுத்தினேன். முதலில் எங்கள் மொழியில், பிறகு அவர்கள் மொழியில் சொன்னேன்: ஏழாம் பத்தியில் மொழிபெயர்ப்புப் பிழை ஒன்று இருக்கிறது, பிழை என்னுடையது, யாரும் சொல்லி எழுதியது அல்ல, திருத்த வேண்டும். கொழுந்தன் தலை நிமிரவில்லை. இணைச் செயலாளர் தம் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

திருத்தும்போதுதான் இன்னொரு சிக்கல். அவர்கள் மொழியில் ‘எங்கள்’ என்பது பின்னால் வரும் பொருளுக்குத் தகுந்தபடி மாறும். வீட்டுக்கு ஒரு மாதிரி, சாப்பாட்டுக்கு ஒரு மாதிரி. கடலுக்கு முன்னால் அது எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் பேசிய மொழியில், பலர் முன்னால், பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்புள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கொழுந்தனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான், தொலைபேசியில் விலாசம் சொல்வதுபோல். நான் எழுத்து எழுத்தாக எழுதினேன். பிறகு வழக்கப்படி முழுப் பத்தியையும் உரக்கப் படித்தேன். ‘எங்கள் கடல்.’ வாயில் சரியாக உட்காரவில்லை, இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள். படித்தேன். அவன் புள்ளி வைத்தான்.

மறுநாள் காலை பத்தரைக்குக் கையெழுத்து நடந்தது. இரண்டு அமைச்சர்களும் பேனா மாற்றிக்கொண்டார்கள், கை குலுக்கினார்கள், புகைப்படக்காரர் கேட்டதால் மறுபடியும் குலுக்கினார்கள். இரு நாடுகளின் கூட்டுறவு புதிய வலிமை பெற்றது என்று எங்கள் அமைச்சர் பேசினார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், தவறில்லாமல். விழா முடிந்ததும் இணைச் செயலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஓய்வு தேவை என்றார். கடல் சுவர் அறிக்கையில் இருந்தது. என் பணி நீட்டிப்பு எந்தக் கோப்பிலும் இருக்காது என்று புரிந்தது. சரி என்றேன்.

பிற்பகல் தூதுக்குழுவை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனேன். அமைச்சருக்குத் தனி அறை. மற்ற மூவரும் பொது வரிசையில் பெட்டிகளோடு நின்றார்கள். வரிசை நகரும் வரை கொழுந்தன் என்னோடு பேசிக்கொண்டிருந்தான். அண்ணனுடைய சட்டை ஏதாவது இருந்தால் தர முடியுமா என்று கேட்டிருந்தான். இரண்டு சட்டைகள் கொண்டுபோயிருந்தேன். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டான். நேற்று நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தொடங்கினான், எனக்குக் கூச்சமாக இருந்தது, போதும் தம்பி என்றேன். அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, கண்ணும் சரியில்லை என்றான். அவன் முறை வந்தது. கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி, மனதார, கண் கலங்கச் சொன்னான்.

“அம்மா உங்களைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஒரு தடவ எங்க வீட்டுக்கு வாங்க அண்ணி.”

எங்க வீட்டுக்கு.

‘வீடு’ என்பதற்கு முன்னால் அவர்கள் மொழியில் அந்தச் சொல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அப்படியே, ஒரு பிசகும் இல்லாமல் மாற்றிச் சொன்னான். அவன் மேல் குற்றமில்லை. விருந்தாளியை எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். நம்ம வீடு என்று சொல்ல இனி ஆளில்லை. சொன்னவர் இந்த ஊர் மண்ணுக்குள் இருக்கிறார். அந்த வீடு நம்ம வீடாக இருந்தது அவர் வாயில் மட்டும்தான் என்று விமான நிலையத்தின் நான்காம் நுழைவாயிலில், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தெரிந்தது. மரத்துப்போகும் ஊசியின் வீரியம் விட்டுப்போனது மாதிரி நெஞ்சுக்குள் சுள்ளென்று வலித்தது. எட்டு மாதத்தில் முதல் வலி.

“வர்றேன் தம்பி” என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன், எல்லார் எதிரிலும், மூக்கு ஒழுக, குரல் உடைந்து. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பதறிப்போய், தான் இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போயிருக்க வேண்டும், நம்மைப் பிரிய அண்ணிக்கு மனமே இல்லை பாருங்கள் என்று பக்கத்தில் நின்ற தன் குழுக்காரரிடம் தன் மொழியில் சொன்னான்.